ஆய்வேடு எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது: எழுதும் வேலையின் வலியைக் குறைக்க வழி உண்டா?

கண்மாய்க்கரை கேட்டது:

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். 2021ஆம் ஆண்டில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் நீரைத் திறந்துவிடுவதற்கு அமைந்த பழைய கல் மதகுகளாகிய குமிழித் தூம்புகளும் அவற்றின் தூண்களில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளும்தான் ஆய்வுப் பொருள். களப்பணியில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. கோடையில் நீர் வற்றியதும் கண்மாய்க்குள் இறங்கித் தூண்களை அளந்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, படம் பிடித்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டவற்றையெல்லாம் குறித்து வைத்த ஏழு குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. நெறியாளரிடமோ உடன் பணியாற்றும் ஆசிரியர்களிடமோ இவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் தடையின்றிப் பேச என்னால் முடியும்.

எழுத உட்கார்ந்தால்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. இரவு உணவுக்குப் பின் ஒன்பதரை மணிக்குக் கணினியைத் திறக்கிறேன். முதல் வாக்கியத்தைத் தட்டச்சு செய்கிறேன். பேச்சுவழக்கைப் போல இருப்பதாகத் தோன்றுகிறது, அழிக்கிறேன். மீண்டும் எழுதினால் ஓரிடத்தில் வல்லினம் மிகுமா மிகாதா என்ற ஐயம் வருகிறது. இலக்கண நூலைத் தேடி எழுந்து போகிறேன். திரும்பி வருவதற்குள் சொல்ல வந்தது நழுவிவிடுகிறது. சென்ற மாதம் மூன்று இரவுகள் செலவிட்டு எழுதிய ஒரே வாக்கியம் இது:

“பண்டைத் தமிழரின் நீர் மேலாண்மைத் தொழில்நுட்பச் சிறப்பினைப் பறைசாற்றும் வகையில் குமிழித் தூம்புகளின் அமைப்பு முறையானது மிகச் சிறப்பாக அமையப்பெற்றுள்ளது.”

மறுநாள் காலையில் படித்துப் பார்த்தேன். நான் முழங்கால் சேற்றில் நின்று, கையால் தடவிப் பார்த்த அந்தக் கல் இந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. அன்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைவாக இருந்தது.

விதிப்படி எனக்குள்ள ஆறு ஆண்டுக் காலம் 2027இல் முடிகிறது. திட்டமிட்ட ஆறு இயல்களில் ஒன்றுகூட முடியவில்லை. காலக்கெடுவைவிட என்னை வருத்துவது, எழுதும் நேரம் நெருங்கும்போதே வயிற்றில் ஏறும் கனம்தான். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் ஆய்வேட்டை முடித்தவர்களும் இந்த வலியை எப்படிக் குறைத்துக்கொண்டீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இருமுறை படித்தேன். முப்பத்தோர் ஆண்டுகள், முதலில் ஒரு வார இதழிலும் பின்னர் ஒரு பதிப்பகத்திலும், மெய்ப்புத் திருத்துவதும் பிறர் எழுதியவற்றைச் செப்பனிடுவதும் என் வேலையாக இருந்தன. இதே துன்பத்தோடு என் மேசைக்கு வந்தவர்களில் பேராசிரியர்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று யோசிப்பது முதல் வேலை. எதற்குப்பின் எதைச் சொல்வது என்பது இரண்டாவது. பேசும் தமிழை எழுதும் தமிழாக்குவது மூன்றாவது. ஒற்றும் எழுத்தும் சரிபார்ப்பது நான்காவது. உங்கள் இரவு ஒன்பதரை மணியில் இந்த நான்கும் ஒரே வாக்கியத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்த வாக்கியம் நகராததில் வியப்பில்லை. அதற்காக நீங்கள் உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இவற்றுள் மூன்றாவது வேலை நம் மொழியில் எவ்வளவு பெரியது என்பதை நாம் போதிய அளவு ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் பேசும் தமிழில் நாம் கட்டுரை எழுதுவதில்லை. கட்டுரைத் தமிழில் வீட்டில் பேசுவதுமில்லை. ‘வந்துட்டான்’ என்று மனத்தில் எழுவது ‘வந்துவிட்டான்’ ஆகித்தான் தாளில் இறங்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் எழுதுகிறவர்களுக்கு இது தானாக நடந்துவிடும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது போல ஒரு கணம் நின்றுதான் வருகிறது. அந்த நிற்றலைத் தாங்க முடியாதபோது, ‘பறைசாற்றும் வகையில்’, ‘அமையப்பெற்றுள்ளது’ போன்ற ஆயத்தச் சொற்கள் முந்திக்கொண்டு வந்துவிடுகின்றன. அவற்றை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற பாதுகாப்பு உணர்வில்தான் கை அவற்றை நாடுகிறது.

ஆகவே முதலில் சொல்லுங்கள். எழுதுவது பிறகு இருக்கட்டும். உங்களால் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேச முடிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பேச்சை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே, பதிவு செய்துகொள்ளுங்கள் அல்லது பேசுவது போலவே தட்டச்சு செய்யுங்கள். இது புதிய வழி அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைத் தாம் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டதை, 1871 முதல் 1876 வரை அவரிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். யாப்பு ஒருவர் நாவிலும் எழுத்தாணி இன்னொருவர் கையிலுமாக வேலை பிரிந்திருந்தது. உங்களுக்கு எழுதித்தர மாணவர் இல்லை. ஆனால் இன்று சொல்வதும் நாளை எழுதுவதுமாக அதே பிரிவினையை நீங்களும் செய்துகொள்ளலாம்.

நான் சிவகங்கைப் பக்கத்தில் பிறந்தவன். குமிழித் தூம்பைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்தபின் அதைப் பற்றி என் பேரனிடம் சொல்லிப் பார்த்தேன். சொன்னதை அவன் கைப்பேசியில் பதிவு செய்தான். இதோ:

“கண்மாய்க்குள்ள, கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல்தூண் நிக்கும். அதுக்கு அடியில கல்லால ஒரு தொட்டி. தொட்டிக்கு மேல பெரிய ஓட்டை ஒண்ணு, பக்கத்துல சின்னச் சின்ன ஓட்டை. பெரிய ஓட்டைய ஒரு கல்லு மூடியிருக்கும். ஆளு முங்கிப் போய் அந்தக் கல்லத் தூக்குனா தண்ணி உள்ள இறங்கி, கரைக்கு அடியில போற கால்வாய் வழியா வயலுக்குப் போயிரும். சின்ன ஓட்டை வழியா சேறும் சேந்து போகும்.”

மறுநாள் காலையில் அதை எழுத்துத் தமிழாக்கினேன்:

“கண்மாயின் உட்புறம், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் கல்லால் ஆன தொட்டி ஒன்று உள்ளது. தொட்டியின் மேற்பலகையில் ஒரு பெரிய துளையும் பக்கச் சுவரில் சிறு துளைகளும் இருக்கின்றன. பெரிய துளையை ஒரு கல் மூடியிருக்கும். நீரில் மூழ்கிச் சென்று அக்கல்லைத் தூக்கினால், நீர் தொட்டிக்குள் இறங்கிக் கரையின் அடியில் செல்லும் கால்வாய் வழியாக வயலுக்குப் பாயும். சிறு துளைகளின் வழியே சேறும் உடன் வெளியேறும்.”

எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் திருந்தின, ‘ஓட்டை’ துளையாயிற்று. வரிசையை நான் தொடவில்லை. பெரியவருக்கும் சிறுவனுக்கும் வாயால் சொல்லும்போது நம் மனம் வரிசையைத் தானே அமைத்துக்கொள்கிறது. மேலே உள்ளதற்கு எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இதில் பெரிய துளைக்கும் சிறு துளைகளுக்கும் உரிய நீரோடி, சேறோடி என்ற சொற்களைச் சேர்த்து, அளவுகளைக் கொடுத்துவிட்டால் உங்கள் இயலின் ஒரு பத்தி முடிந்தது.

தென்னங்கீற்று எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். நேரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்து 2019இல் ஆய்வேட்டை ஒப்படைத்தேன். அப்போது மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. கல்லூரியில் நாளுக்கு நான்கு வகுப்புகள்.

சகோதரரே, இரவு ஒன்பதரை மணியை விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் வகுப்பில் நின்று பேசிய மனத்தில் அந்நேரம் தீர்ப்புச் சொல்லும் பகுதி மட்டும்தான் விழித்திருக்கிறது. உண்டாக்கும் பகுதி உறங்கிவிடுகிறது. நானும் ஒன்றரை ஆண்டுகள் இரவில் எழுத முயன்று அழுதிருக்கிறேன். பிறகு காலை ஐந்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை என்று வைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் அஞ்சல் துறையில் முழுநேர அலுவலராக இருந்துகொண்டே, காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. 150 சொற்கள் வந்தாலே அன்று நல்ல நாள். ஆனால் அலுவலகம் தன்னைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பே அன்றைய எழுத்தை முடித்துவிட்ட அவருடைய ஒழுங்கு எனக்கு முழுமையாக உதவியது. ஐந்தே முக்காலுக்கு மேல் ஒரு சொல்கூட எழுத மாட்டேன் என்றும் வைத்துக்கொண்டேன். முடிவு தெரிந்த வேலையைக் கண்டு மனம் அவ்வளவு அஞ்சுவதில்லை.

இன்னொன்று. பத்தியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் தாளோடு தொடங்க வேண்டியிருக்கும். அதனால் வாக்கியத்தின் நடுவிலேயே, அடுத்த சொல் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கும்போதே, நிறுத்திவிடுவேன். அந்த மீதிச் சொற்கள் நாள் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது நான்காம் இயலின் முடிவுரை வந்தது. ஈரக் கையோடு மளிகைக் கடைச் சீட்டின் பின்புறம் எழுதினேன். அந்தச் சீட்டை இன்றும் ஆய்வேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

முன்னுரையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் அதையும் விட்டுவிடுங்கள். உங்கள் மூன்று இரவு வாக்கியம் முன்னுரை வாக்கியம் போலவே இருக்கிறது. நூலுக்குப் பாயிரம் சொல்ல உரியவர்களாக நன்னூல் காட்டுவது ஆசிரியனையும் உடன் கற்றவனையும் மாணாக்கனையும் உரைகாரனையும். நூல் செய்தவனை அன்று. நூல் முழுவதும் கண்ணெதிரே இருந்தால்தான் அதற்குப் பாயிரம் சொல்ல முடியும். இன்னும் எழுதாத ஆய்வேட்டுக்கு முன்னுரை எழுத முயன்றால் பொதுப்படையான புகழ்ச்சிதான் வரும். நான் முதலில் எழுதியது மூன்றாம் இயல். முன்னுரை கடைசிப் பதினொரு நாளில் எழுதியது.

படியெடுப்பவன் எழுதியது:

நானும் கல்வெட்டுத் துறையில் இருப்பவன் என்பதால் ஒரு மாறுபட்ட கருத்தைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். பேசிப் பதிவு செய்யும் முறை தூம்பின் அமைப்பை விளக்க உதவும். ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுத உதவும். கல்வெட்டுச் சான்றுகளை வைத்து வாதிடும் இயலுக்கு அதை மட்டும் நம்பினால் இடர் வரும். நான் அப்படி முயன்று பார்த்திருக்கிறேன். பேசும்போது நினைவு உருண்டோடுகிறது. ‘அந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றில்’ என்று வாய் எளிதாகச் சொல்லிவிடுகிறது. எழுத உட்காரும்போது அது எந்த ஊர், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை, கொண்டு கணித்த காலமா கல்வெட்டே சொல்லும் காலமா என்று தேட வேண்டியதாகிறது. வலி குறையவில்லை, ஒரு வாரம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

எனக்கு உதவியது துண்டுச் சீட்டு. ஒரு சீட்டில் ஒரு சான்று மட்டும். மேலே ஊர்ப் பெயர், அடுத்துக் காலம், அதன்கீழ்க் கல்வெட்டின் வாசகம், அதன்கீழ் ‘இதிலிருந்து எனக்குத் தெரிவது என்ன’ என்று என் சொந்தச் சொற்களில் இரண்டு வரி. இந்தக் கடைசி இரண்டு வரிதான் உயிர். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லுமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எழுதி, எண்ணிட்டு, ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார். அவருடைய நூல்கள் அந்தப் பெட்டிகளிலிருந்து வளர்ந்தவை. நமக்கு இருநூறு சீட்டுகள் போதும். அவற்றைத் தரையில் பரப்பிவைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது இயலின் வரிசை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் எழுதுவது என்பது சீட்டின் இரண்டு வரிகளுக்கு இடையே பாலம் போடுவதுதான். வெறுமையிலிருந்து உண்டாக்குவது அன்று.

உங்களிடம் படங்கள் இருக்கின்றன என்றீர்கள். முதல் வேலையாகப் படவிளக்கங்களை எழுதுங்கள். ஒரு படத்துக்கு மூன்று வாக்கியம்: இது எங்கே உள்ளது, என்ன தெரிகிறது, இதில் எதைக் கவனிக்க வேண்டும். ஆய்வேட்டில் யாரும் அஞ்சாமல் எழுதும் பகுதி படவிளக்கம் மட்டுமே என்பது என் துணிபு, ஏனெனில் பொருள் எதிரிலேயே இருக்கிறது. நாற்பது படங்களுக்கு எழுதி முடித்தால் நூற்றிருபது வாக்கியங்கள் கையில் இருக்கும். அவற்றில் பாதி நேரே இயலுக்குள் போய்விடும்.

பிறர் எழுத்திலிருந்து எடுத்தது எவ்வளவு என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையை எண்ணி வாக்கியங்களை முறுக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. உரிய சான்றோடு மேற்கோளாகக் காட்டுவது அந்தக் கணக்கிலேயே சேராது. கல்வெட்டு வாசகத்தை மேற்கோள் குறிக்குள் உள்ளபடியே தாருங்கள். அதை மாற்றி எழுதினால்தான் பிழை.

கண்மாய்க்கரை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நான் முன்னுரையிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன், அம்மா. நீங்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஐயா எழுதிக் காட்டிய பத்தியைப் படித்தபோது, அது நான் எழுத விரும்பிய பத்தி என்பதால், கண் கலங்கியது.

ஒரு நடைமுறை ஐயம். கைப்பேசியில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தலாமா? மேலும், என் பழைய குறிப்புகளில் இரண்டு கோப்புகள் பழைய எழுத்துருவில் இருப்பதால் இப்போதைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. நான் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையில் எழுதுகிறேன். அதுவும் வேகத்தைக் குறைக்கிறதோ என்று தோன்றுகிறது.

விசைப்பலகை எழுதியது:

கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழுக்கும் கிடைக்கிறது. முதல் வரைவுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். லகர, ளகர, ழகரமும் னகர, ணகரமும் சில இடங்களில் மாறி விழும். நிறுத்தக்குறிகள் பெரும்பாலும் இரா. ஊர்ப் பெயர்களும் துறைச் சொற்களும் சிதைந்துதான் வரும். அதனால் குரலின் ஒலிப்பதிவையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பேசிய அன்றே திருத்தாதீர்கள் என்பதை ஐயா சொன்னதோடு சேர்த்து நானும் சொல்கிறேன்.

பழைய கோப்புகள் அழிந்துவிடவில்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதற்குரிய மாற்றி வழியாக ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் முழுவதும் திரும்பி வரும். மாற்றியபின் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசை எழுத்துகளை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அங்கேதான் நேரும்.

தட்டச்சைப் பற்றி: 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் பிரிந்திருக்கும். அகரம் ஏறிய மெய் ஒரே தட்டு. ஒரே எழுத்து இரட்டித்தாலும், ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போல இன எழுத்து சேர்ந்தாலும் புள்ளி தானே விழும். ‘மரம்’ என்பதற்கு நீங்கள் இப்போது ஐந்து தட்டுகள் தட்டுகிறீர்கள். தமிழ்99இல் நான்கு போதும். தட்டுகளின் எண்ணிக்கையைவிட முக்கியம், தமிழ்ச் சொல்லை மனத்துக்குள் ஆங்கில எழுத்தாக உடைத்துப் பார்க்கும் வேலை இல்லாமல் போவது. பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் வேகம் குறையும். ஆய்வேட்டின் நடுவில் மாற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். இன்னும் ஐந்நூறு பக்கம் எழுதவிருப்பவர் இப்போதே மாறுவது நல்லது என்பது என் கருத்து.

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

படியெடுப்பவன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். சான்றுகளை அடுக்கும் இயலுக்குச் சீட்டும், விளக்கும் இயலுக்குப் பேச்சும் பொருந்தும் என்று கொள்ளலாம். வேலைகளைப் பிரிப்பது என்ற அடிப்படையில் இரண்டும் ஒன்றே.

நான்காவது வேலையாகிய திருத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வரைவு முடிந்து குறைந்தது மூன்று நாள் கழித்துத் திருத்துங்கள், அச்செடுத்துத் திருத்துங்கள், ஒரு முறைக்கு ஒரு குற்றத்தை மட்டும் தேடுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் வகுத்துத் தந்திருக்கிறார். பதிப்பகத்தில் என் மேசைக்கு மேலே அந்தப் பத்தையும் எழுதி ஒட்டியிருந்தேன். திருத்தத்துக்கு அதைவிடப் பயன்மிக்க பட்டியலை நான் கண்டதில்லை. ஆய்வேடுகளில் அவற்றுள் மூன்றுதான் மிகுதி. கூறியது கூறல்: ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் முந்தைய இயலின் முடிவை மறுபடி எழுதுவது. மற்றொன்று விரித்தல்: தூம்பைப் பற்றிய இயலில் சோழர் குடிமரபைப் பத்துப் பக்கம் சொல்வது. சென்று தேய்ந்து இறுதல்: முதல் இயல் அறுபது பக்கமும் கடைசி இயல் ஒன்பது பக்கமுமாக மெலிந்து முடிவது. ஒருநாள் சிவப்பு மையோடு கூறியது கூறலை மட்டும் தேடுங்கள். வேறு பிழை கண்ணில் பட்டாலும் கடந்து போங்கள்.

இந்தப் பத்தும் திருத்தும் நாளுக்கு உரியவை. வரைவு எழுதும் நாளில் அந்தத் தாளைத் திருப்பி ஒட்டிவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். வல்லினம் மிகும் இடத்தில் ஐயம் வந்தால் அச்சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போய்க்கொண்டிருங்கள். சந்திப் பிழைக்கு நாவி, எழுத்துப் பிழைக்கு வாணி என்று இணையத்தில் திருத்திகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் பிடித்துவிடா, ஆனால் உங்கள் கோடுகளில் பெரும்பகுதியைத் தீர்த்துவைக்கும். எஞ்சியதற்கு ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுங்கள். விரும்பினால் ஓர் இயலை எனக்கே அனுப்பலாம்.

கண்மாய்க்கரை எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பின்):

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுவது எனக்குக் கைகூடவில்லை. எங்கள் வீட்டில் மாடு கறப்பது அந்நேரம். பள்ளிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், யாரும் வராத வகுப்பறையில் எட்டு மணி முதல் எட்டே முக்கால் வரை எழுதுகிறேன். முதல் வாரம் படவிளக்கம் மட்டும் எழுதினேன்: முப்பத்தாறு படங்கள். இரண்டாம் வாரத்தில் சீட்டுகள். மூன்றாம் வாரத்திலிருந்து பேசிப் பதிவு செய்கிறேன். தூம்பின் அமைப்பு பற்றிய மூன்றாம் இயலில் இருபத்திரண்டு பக்கம் வரைவாகிவிட்டது. அதில் கீழ்க்கோடுகள் நிறைய இருக்கின்றன. அவை இப்போது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தமிழ்99 இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன், வேகம் வரவில்லை. வயிற்றுக் கனம் முழுவதும் போகவில்லை, திங்கட்கிழமைகளில் வருகிறது. கல்வெட்டு இயலைத் தொடவே இல்லை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியை முன்னால் வைத்துத் தனியே பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்ததால், சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து அவரிடம் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் நடவு நட்டவர். நீரோடி, சேறோடி எல்லாவற்றையும் நான் விளக்கி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தச் சின்ன ஓட்டை அடைச்சுக்கிட்டா என்னப்பா பண்ணுவாக? தண்ணிக்குள்ள இருந்துகிட்டு எப்படிக் குத்தி விடுறது?” என்று கேட்டார்.

என் ஏழு குறிப்பேடுகளில் அதற்கு விடை இல்லை. தூம்புகளை அளந்தேன், எழுத்தைப் படித்தேன், இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. வரைவில் சேறோடி பற்றிய பத்தியை வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை பக்கத்து ஊரில், முன்பு மூழ்கிக் குமிழிக்கல் தூக்கிய பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். அவர் சொல்வதைப் பதிவு செய்துகொண்டு வந்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வாக்கியத்தின் மீதியிலிருந்து தொடங்குவேன்.